சர்க்கரை இருந்தால் ஈறு சிகிச்சை பலிக்காதா?

அடுத்த கேள்வி. "எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஈறு நோய்க்கு டீப் க்ளீனிங் செய்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்ததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஈறில் நடப்பது வேறு மாதிரி. கிருமி வந்தால் முதலில் ஓடிவருவது நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு. சர்க்கரை ஏறியே இருந்தால் அது வந்து சேர்வதும் மந்தமாகிறது, கிருமியை விழுங்கிக் கொல்லும் திறனும் குறைகிறது. இன்னொரு பக்கம், கூடுதலாக இருக்கும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஈறுத் திசுவில் தங்கிவிடுகிறது, அது மேக்ரோஃபேஜ் என்கிற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை உசுப்பிக்கொண்டே இருப்பதால் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 மாதிரியான, வீக்கத்தைத் தூண்டும் பொருட்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அதாவது கிருமியை அடிக்க வேண்டிய ஆள் தாமதமாக வருகிறார், ஆனால் ஆரம்பித்த சண்டை நிற்க மாட்டேன் என்கிறது. அதில் கரைவது பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு.

டீப் க்ளீனிங்கில் நாங்கள் பல் வேரில் கெட்டியாக ஒட்டிய காரையையும் கிருமிப் படலத்தையும் எடுக்கிறோம், அவ்வளவுதான். வீக்கம் வடிந்து ஈறு திரும்பப் பல்லைக் கவ்வுவது உடம்பின் வேலை. சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு, சர்க்கரை இல்லாதவர்களுக்கு ஆறுவதைப் போலவே பெரும்பாலும் ஆறிவிடுகிறது. அதனால் "சர்க்கரை இருக்கிறது, இனி என்ன செய்தும் பயனில்லை" என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள், அதைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குத்தான் முதலில் சரியானது போலத் தெரிந்தாலும் சீக்கிரம் திரும்பி வருகிறது.

உங்கள் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, எவ்வளவு என்று கேள்வியில் எழுதவில்லை. 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றக்கூடிய வகையில் உங்களை வைத்துத்தான் பார்ப்போம். ஆனால் பழியை எல்லாம் சர்க்கரை மேல் போடவும் முடியாது, ஈறு பல்லை விட்டு விலகி உண்டான ஆழமான பையில் காரை மிச்சம் இருக்கலாம், பல் இடுக்கில் பிரஷ் போகாமல் இருக்கலாம், புகைப்பழக்கம் இருந்தால் அதுவும் சேரும். திரும்பப் போய்ப் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஈறு வீக்கம் குறைந்தால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும். சிகிச்சைக்குப் பிறகு மூன்று, நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதாக ஆய்வுகளில் தெரிகிறது. மாத்திரையை இதற்காக நீங்களாகக் குறைத்துவிடக் கூடாது.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள், மென்மையான பிரஷ்ஷால் கட்டாயம் தேய்க்க வேண்டும். சீழ் வந்தாலோ பல் ஆடினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.