வாய்தாதான் தண்டனை

(காரைக்குடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

ஊருணிக்கு வரும் வரத்துக்காலை ஒருவர் அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தாசில்தாரிடம் மனு கொடுக்கிறீர்கள், பத்திரிகையிலும் பேசுகிறீர்கள். பத்தே நாளில் வக்கீல் நோட்டீஸ். ஒரு கோடி ரூபாய் மானநஷ்டம், வழக்கு சென்னையில். இனி வாய்தாவுக்கு வாய்தா விடிகாலைப் பல்லவனைப் பிடிக்க வேண்டும். ஒரு கோடி உங்களிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். நீங்கள் வாயை மூடினால் போதும். உங்களைப் பார்த்துத் தெருவே மூடிக்கொள்ளும்.

பொது விஷயம் பேசுகிறவரின் வாயை மூடப் போடும் இந்த மாதிரி வழக்குக்கு ‘ஸ்லாப்’ (SLAPP) என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பிரிங், கேனன் இருவரும். கலிபோர்னியா 1992இல் சட்டமே போட்டது. சம்மன் வந்த 60 நாளுக்குள் பிரதிவாதி மனுப் போடலாம். பேசியது பொது விஷயம் என்று அவர் காட்டிவிட்டால், வழக்கில் சரக்கு இருக்கிறதா என்பதை வாதி அப்போதே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தள்ளுபடி, பிரதிவாதியின் வக்கீல் ஃபீஸும் வாதி தலையில்.

மால்டா பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017இல் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர்மேல் 40க்கும் அதிகமான அவதூறு வழக்குகள் இருந்தன. சில வழக்குகள் அவர் குடும்பத்தையும் விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல்தான் இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது.

சரி, நமக்கு? தனிச் சட்டம் இல்லை. பொய் வழக்குக்கு ஈட்டுத்தொகை தர சிவில் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ பிரிவு இருக்கிறது. உச்சவரம்பு 3,000 ரூபாய். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

ஆனால் கை முழுக்க வெறுங்கை இல்லை. 1994இல் நக்கீரன் இதழின் ராஜகோபால் வழக்கில், அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024இல் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில், எதிர்த்தரப்பைக் கேட்காமல் கட்டுரைக்குத் தடை கொடுக்க அவசரப்படாதீர்கள் என்று கீழ்க்கோர்ட்டுகளை எச்சரித்தது. ஸ்லாப் என்ற சொல்லையும் தீர்ப்பிலேயே எழுதியது.

கிரிமினல் வழக்கு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு. அதிலேயே ஒரு விதிவிலக்கு: அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் அவதூறாகாது. நல்லெண்ணத்தைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். அதனால் மனுவில் சர்வே நம்பரைப் போடுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். அப்புறம், நகலில் தாலுகா ஆபீஸ் சீல் வாங்காமல் படியிறங்காதீர்கள்.