ஊர் விடவில்லையா, வழி விடவில்லையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"வளர்ந்த மண்ணிலேயே மனிதர்களைத் தங்க வைப்பது பெரிதும் பற்றா, வழியில்லாமையா?" என்பது தலைப்பு. வழியில்லாமைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் உங்களில் பாதிப் பேரைக் கண்கலங்க வைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

உலகில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள், இது பற்று இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். எண் சரிதான். ஐ.நா. கணக்குப்படி 2020இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 28 கோடிப் பேர், அதாவது 3.6 சதவீதம். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு காலப் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. வாய்ப்புக் கிடைத்தால் வேறு நாட்டுக்கே குடிபோய்விடுவேன் என்றவர்கள் உலகின் வயதுவந்தவர்களில் 15 சதவீதம், ஏறக்குறைய 75 கோடிப் பேர். மீதி 85 பேர் விரும்பவில்லையே என்று நண்பர் முணுமுணுப்பது கேட்கிறது. நடக்கவே நடக்காது என்று தெரிந்த ஆசையை எத்தனை பேர் முன்பின் தெரியாதவரிடம் சொல்வார்கள்? பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்து, வீட்டின் மேல் இவருக்கு எவ்வளவு பாசம் என்று வியக்கக் கூடாது, நடுவர் அவர்களே.

பற்றுதான் தீர்மானிக்கிறது என்றால் பெண்களின் கதை என்ன? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடிப் பேர். காரணங்களில் முதலிடம் வேலைக்கு அல்ல, கல்யாணத்துக்கு. கல்யாணத்துக்காகக் கிளம்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குப் பிறந்த ஊர் மேல் பற்று இல்லையா? இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பணம். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். கப்பல் கட்டணம் திரட்ட முடியாத பரம ஏழைகளில் பலர் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் இருந்ததற்குப் பற்று என்று பெயர் வைக்க எனக்கு நாக்குக் கூசுகிறது.

பழைய கதை என்கிறீர்களா? வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலை இருக்காது. 2008இல் ஆய்வாளர்கள் சில கிராமங்களில் வெளியூர் போய் வேலை தேடச் சம்மதித்த குடும்பங்களுக்கு அந்நாட்டுப் பணத்தில் 600 டாக்கா கொடுத்தார்கள். ஏறக்குறைய பஸ் கட்டணம், அவ்வளவே. உதவி கிடைக்காத கிராமங்களில் நூற்றுக்கு 36 குடும்பங்கள் ஆள் அனுப்பின. இங்கே 58. அடுத்த ஆண்டு யாரும் பணம் தராதபோதும் அவர்களில் பலர் மறுபடி கிளம்பினார்கள். பின்னால் பெரிய அளவில் நடத்தியபோது இதே பலன் வரவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், நண்பருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். ஆனாலும் மண்ணோடு பிணைத்த கயிறு என்று அவர் வர்ணித்தது, அந்தக் கிராமங்களில் ஒரு பஸ் டிக்கெட்டுக்கு அவிழ்ந்தது உண்மை.

காகிதத்தை விட்டுவிட்டேனே. சீனாவில் 1958 முதல் ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறை சட்டமானது. கிராமப் பதிவுள்ளவர் நகரத்து ஆலையில் வேலை பார்க்கலாம், பிள்ளைக்கு அங்கே அரசுப் பள்ளியில் இடம் வாங்குவது பெரும்பாடு. எனவே தாய் தகப்பன் நகரத்தில், பிள்ளை கிராமத்தில் தாத்தா பாட்டியிடம். கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளையும் ஊரில் தங்கியவர்தான்.

இப்போது டிரிஸ்டன் டா குன்யாவுக்கு வருகிறேன். நண்பரின் பெரிய ஆயுதம் அது. தென் அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் தீவு. 1961இல் எரிமலை வெடித்து மொத்த மக்களையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் திரும்பிப் போக 148 பேர், இருக்க 5 பேர். அழகான கதை, நானும் ரசிக்கிறேன். ஆனால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்: வெளியே வாழ்ந்து பார்க்க ஓராண்டு, வாக்குச் சீட்டு, திரும்பிப் போகக் கப்பல். வழி இருந்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தலைப்பு அவர்களைப் பற்றியதல்ல. சில ஆண்டுகளில் சிலர் மறுபடி இங்கிலாந்துக்கே போனார்கள் என்பதை நண்பர் ஏனோ சொல்லவில்லை.

எரிமலைதான் வேண்டுமென்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஹேமாய் என்ற மீன்பிடித் தீவு. 1973 ஜனவரி 23 நள்ளிரவுக்குப் பின் தரை பிளந்தது. சுமார் 5,300 பேரும் தப்பினார்கள், பெரும்பாலோர் மீன்பிடிப் படகுகளில். எரிமலைக்குழம்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளை அழித்தது, மற்றவை தப்பின. வீடு இழந்தவர்களுக்கு இழப்பீடு பணமாகக் கிடைத்தது. பிற்பாடு பொருளியலாளர்கள் வரிசெலுத்துவோர் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்தார்கள். வீடு தப்பியவர்களை விட, வீடு இழந்தவர்கள் தீவை விட்டு நிரந்தரமாகப் போனது கணிசமாக அதிகம். அப்படிப் போக நேர்ந்த இளையவர்கள் கூடுதலாகப் படித்தார்கள், வாழ்நாளில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெற்றோருக்கு அந்த லாபம் இல்லை, அதையும் மறைக்கவில்லை.

இரண்டு கூட்டமும் ஒரே தீவில் வளர்ந்து ஒரே கடலில் மீன் பிடித்தவர்கள். யார் வீடு அழிய வேண்டும் என்று பாசத்தை அளந்து பார்த்தா குழம்பு ஓடியது? தப்பிய வீடு ஆளைத் திரும்ப இழுத்தது, கைக்கு வந்த பணம் வெளியே போக விட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஒரே அளவு பற்று இருந்த அந்த மக்களில், வீடு போனவர்கள் மட்டும் ஏன் அதிகமாகக் கிளம்பினார்கள்?