கேம்ப் வேலையும் சிவப்புப் பையும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கம் 'கேம்ப் வேலை' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. குவைத், பஹ்ரைன், கத்தார் நாடுகளில் இருக்கிற அமெரிக்க ராணுவ முகாமுக்குள் சமையல், சலவை, துப்புரவு, வண்டி ஓட்டுவது என்று ஏதாவது ஒரு வேலை. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். முகாம் மருத்துவமனையின் கழிவை வாங்கி, எடை போட்டு, வெளியே கொண்டுபோய் அழிக்கிற வேலை. வளைகுடாவில் ஒரு கழிவு மேலாண்மை நிறுவனத்தின் டெண்டர் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். அந்த ஒப்பந்தத்தில் கழிவு அடைத்த சிவப்புப் பைக்கு என்ன நடக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். பையைத் தூக்குகிற ஆளுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது அந்த ஆளின் கண்ணில் படவே படாது. அதனால்தான் இங்கே பேச ஒப்புக்கொண்டேன்.

மருத்துவமனைக் கழிவு எல்லாமே ஆபத்தானது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான். மீதி 15 சதவீதத்தில்தான் ரத்தம் தோய்ந்த பஞ்சு, ஊசி, திசுக்கள், ஆய்வகத் தட்டுகள், காலாவதியான மருந்து எல்லாம் அடங்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் மொத்தமும் ஆபத்தான கழிவாகிவிடும், செலவும் கூடும். ஆகவே பிரிப்பதுதான் முதல் வேலை. நம் நாட்டில் 2016-ஆம் வருட விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்து இதைச் செய்யச் சொல்கின்றன. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எரிஉலைக்கு இரண்டு அறைகள் வேண்டும், இரண்டாவது அறை 1050 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், புகை அங்கே இரண்டு விநாடியாவது தங்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். நம் ராணுவ மருத்துவமனைகளும் இந்த விதிகளுக்குள்தான் வருகின்றன. அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆயுதப் படைகளின் மருத்துவப் பணி தலைமை இயக்குநருக்கு.

சரி, ஒரு நாட்டின் ராணுவம் இன்னொரு நாட்டு மண்ணில் மருத்துவமனை நடத்தினால், அந்தக் கழிவுக்கு யாருடைய சட்டம்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளிநாட்டு முகாம்களுக்கென்று சுற்றுச்சூழல் அடிப்படை வழிகாட்டி ஒன்று வைத்திருக்கிறது. மருத்துவக் கழிவுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. பல நாடுகளில் அந்த வழிகாட்டியையும் உள்ளூர்ச் சட்டத்தையும் ஒப்பிட்டு, எது கூடுதல் பாதுகாப்போ அதை எடுத்து அந்த நாட்டுக்கான தரத்தை வகுக்கிறார்கள். போர் நடக்கிற இடங்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஓரிடத்தில் எரிக்க வசதி இல்லையென்றால் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கவும் முடியாது. 1989-இல் கையெழுத்தாகி 1992-இல் நடைமுறைக்கு வந்த பாசெல் உடன்படிக்கை, அபாயக் கழிவு எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதன் பட்டியலில் மருத்துவமனைக் கழிவுதான் முதல் வகை. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. உடன்படிக்கையில் சேர்ந்த நாடு சேராத நாட்டோடு கழிவு கொடுக்கல் வாங்கல் செய்ய, தனி ஒப்பந்தம் வேண்டும். அதனால் பெரும்பாலும் முகாம் இருக்கிற நாட்டிலேயே, உள்ளூர் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தைப் பிடித்துத்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது.

டெண்டரில் எல்லோரும் முதலில் பார்ப்பது விலை. விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் கழிவின் கதியே இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால், எடையைக் கூட்டிக் காட்டுகிற ஆசை காண்ட்ராக்டருக்கு வரும். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசினால், கழிவு கூடுகிற மாதத்தில் எங்கேயாவது கொட்டிவிட்டு வருகிற ஆசை வரும். என் அனுபவத்தில் ஓரளவு சரியாக நடந்தது இரண்டும் கலந்த முறைதான்: வண்டி, குளிர் அறை, ஆட்கள் இவற்றுக்கு நிலையான மாதத் தொகை, அழிக்கிற செலவுக்கு எடைக் கணக்கு. அதிலும் முக்கியமான நிபந்தனை ஒன்று. பை முகாம் வாசலைத் தாண்டியதற்குப் பணம் கொடுக்கக் கூடாது, அழிந்ததற்குத்தான் கொடுக்க வேண்டும். முகாமில் போட்ட எடையும் எரிஉலையில் போட்ட எடையும் ஒரே சீட்டில் இருந்து, அழித்த சான்றிதழ் திரும்பி வந்த பிறகுதான் பில் பாஸாக வேண்டும். இதை எழுதாத ஒப்பந்தத்தில் வேறு எவ்வளவு எழுதினாலும் பயனில்லை.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானது. அந்த நாட்டு வெயிலில் முகாம் வாசலில் சோதனைக்காக வண்டி மணிக்கணக்கில் நிற்கும். குளிர்சாதன வண்டி என்று ஒரு சொல் போட்டால் போதாது, வண்டி நிற்கும்போதும் குளிர் ஓட வேண்டும் என்று எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அழுகிப் பை கசியும். அதைத் துடைக்கப் போகிறவர் நம் ஊர்ப் பையன்.

போர் முனையில் என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது. ஈராக்கின் பலாத் தளத்தில் ஏக்கர் கணக்கில் திறந்த குழி வெட்டி எல்லாக் குப்பையையும் எரித்தார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இப்படிப் பல குழிகள் இருந்தன. மருத்துவக் கழிவு உள்ளிட்டவற்றைத் திறந்த குழியில் எரிக்க 2010 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் தடை போட்டது, வேறு வழியே இல்லாத நிலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்து. அப்புறம் எரிஉலைகள் வாங்கினார்கள். ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கை அலுவலகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், நான்கு தளங்களில் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய எட்டு உலைகள் ஒரு நாளும் பயன்படவில்லை என்று சொன்னது. உலை நின்றுகொண்டிருந்தது, புகை குழியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் புகையைச் சுவாசித்த படைவீரர்களுக்கு மருத்துவமும் உதவித்தொகையும் தருகிற 'பாக்ட்' என்ற அமெரிக்கச் சட்டம் 2022 ஆகஸ்டில் வந்தது. அது வர வேண்டிய சட்டம்தான். ஆனால் அது முன்னாள் படைவீரர்களுக்கானது. அதே குழிக்குப் பக்கத்தில் குப்பையைத் தள்ளிய காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இந்தச் சீமையிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடையில் வேலைக்குப் போன ஆள், மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதி, என்ன சம்பளம், எத்தனை காலம் என்று தெரிந்துகொண்டுதான் கப்பல் ஏறினார். இன்று முகாமுக்குப் போகிற பையனிடம் இருப்பது விசா நகல் மட்டும். மேலே ஒரு அமெரிக்க நிறுவனம், அதற்குக் கீழே உள்ளூர் நிறுவனம், அதற்கும் கீழே ஆள் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி. மேலே கையெழுத்தான ஒப்பந்தம் கீழே வந்து சேருவதே இல்லை. கையுறை என்ற பெயரில் சமையலறையில் போடுகிற மெல்லிய உறையைக் கொடுத்து ஊசிப் பெட்டியைத் தூக்கச் சொன்ன இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அந்த மேல் ஒப்பந்தத்துக்கான விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் கொள்முதல் விதிகளில் ஆள் கடத்தலைத் தடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. 2015-இல் அதைக் கடுமையாக்கினார்கள். அதன்படி வேலைக்கு எடுப்பதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. இது சப்-காண்ட்ராக்டருக்கும் ஏஜென்ட்டுக்கும் சேர்த்துத்தான். நம் நாட்டு விதி, பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வரை வாங்கலாம் என்கிறது. ஆனால் அமெரிக்க முகாம் ஒப்பந்த வேலைக்கு அந்தப் பணத்தையும் முதலாளிதான் கொடுக்க வேண்டும். நிலத்தை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, 1941-இல் வந்த 'டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்' என்ற அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டு ராணுவத் தளத்தில் அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், சப்-காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும், வேலையில் வருகிற காயத்துக்கும் நோய்க்கும் முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஊசி குத்திய காயமும் காயம்தான். காயம் பட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாய்வார்த்தையாக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஊசி குத்தினால் அழுத்திப் பிதுக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் நல்லது. எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்குத்தான். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் அது வருவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி வருவதற்கான வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். அந்தத் தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. விசா வந்த பிறகு தொடங்கினால் முடியாது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிற வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பரிசோதித்து, அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.