குழலுக்குள் என்ன அழுக்கு?

வணக்கம், நேயர்களே. முப்பது வருடமாக வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். உரிமம் வாங்கிய தம்பிகள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணா, துப்பாக்கிக் குழல் கழுவ எந்த மருந்து நல்லது?" உள்ளே இருப்பது என்ன அழுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

குழலுக்குள் கரி இருக்கும். குண்டின் மேலுறை உரசி ஒட்டிய செம்பு இருக்கும். பழைய தோட்டாவாக இருந்தால் உப்பும் இருக்கும். ஆமாம், உப்பு!

டர்பன் பக்கத்து டொங்காட்டில் என் மாமாவிடம் .303 லீ-என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ராணுவம் கழித்த பழைய தோட்டா மலிவாகக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை ஆசைதீரச் சுட்டோம். மாமா தாராளமாக எண்ணெய் விட்டுத் துடைத்து, பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் திறந்தால் குழலுக்குள் செம்மண் பூசியதுபோல் துரு. மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எண்ணெய் போலி என்றார். எண்ணெய் மேல் தப்பே இல்லை. அந்தக் காலத் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடியில் தட்டியதும் பற்றும் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிறது. சமையல் உப்புக்குத் தம்பி. டர்பன் பக்கம் மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதேபோல் இதுவும் ஈரத்தை இழுக்கும். ரசத்தில் போட்ட உப்பு தண்ணீரில்தானே கரைகிறது, மேலே மிதக்கும் நெய்யில் இல்லையே? குழலிலும் அப்படித்தான். கொதிநீரைப் புனல் வைத்து ஊற்ற வேண்டும். சூட்டில் குழல் சீக்கிரம் காயும், ஈரம் ஒட்டத் துடைத்து, பிறகுதான் எண்ணெய். மறுபடி சொல்கிறேன்: முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். இன்று கடையில் வாங்கும் புதுத் தோட்டாக்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

செம்புக்கு அம்மோனியா கலந்த கரைப்பான். துணித்துண்டு நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். ஆனால் வெண்கலத் தூரிகை போட்டால் தூரிகையே கரைந்து நீலம் காட்டும். நைலான் தூரிகை எடுங்கள். பாட்டிலில் எழுதிய நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், ராத்திரி முழுக்க விடவே கூடாது. அந்தத் துணியை ஜிக், அதாவது துணி வெளுக்கும் ப்ளீச் இருக்கும் வாளியில் போட்டுவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். சன்னல் திறந்திருக்கட்டும், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். இதற்கெல்லாம் முன்னே தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். மேசைமேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறை அடுப்பில் பற்றிக்கொள்ளும்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். எண்ணெய் வகைகளை விட்டுவிடுகிறேன், இதை மட்டும் விடமாட்டேன். மிஞ்சிய கரைப்பானையோ பாரஃபின் என்கிற மண்ணெண்ணெயையோ கூல்ட்ரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். நம் தென்னாப்பிரிக்காவில் பாரஃபின் குடித்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் ஏராளம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வணக்கம்.