செதில் ஒட்டிய கை

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த எதிரணி அண்ணன் அவர்களே, பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்களே, அக்கா தங்கச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஒரு மூத்த ஓவியரின் வாழ்க்கையில் பெரியது கண்காட்சிக் கூடமா, சொந்தத் தெருவா?' இதுதான் இன்றைக்குத் தலைப்பு. நான் தெருவுக்காகப் பேச வந்திருக்கிறேன். யாரை மனதில் வைத்து இந்தத் தலைப்பைக் கொடுத்தார்கள் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். அதனால் நாங்கள் சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிற மாதிரியே 'மாஸ்டர்' என்று மட்டும் சொல்கிறேன்.

எதிரணி அண்ணன் நன்றாகப் பேசினார். ஓவியனுக்குத் தனிமை வேண்டும், ஸ்டுடியோக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்றார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் கூட இருந்தவர்களும் 1966இல் நகரத்தை விட்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரைக்குப் போனதால்தான் சோழமண்டலம் என்கிற ஓவியர் குடியிருப்பு பிறந்தது என்றார். கூடத்தில் தொங்கினால்தான் படத்துக்கு விமர்சனம் வரும், விலை வரும் என்றார். கடைசியாக, "இந்தப் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்த நேரத்தில் மாஸ்டர் இன்னும் நூறு படம் போட்டிருக்கலாமே" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அவர் சீவிக் கொடுத்த பென்சிலில் ஒன்றைப் பிடித்தவள் நான். அதனால் அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஓர் ஆயா மீன் விற்பார். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். மாஸ்டர் அவரை வைத்து நாலடிக்கு மூன்றடி கேன்வாஸில் ஒரு படம் போட்டார். ஆயா அருவாமனை முன்னால் உட்கார்ந்து வஞ்சிரம் ஆய்கிற மாதிரி. நகரத்தில் ஒரு கூடத்தில் ஏழு நாள் அந்தப் படம் தொங்கியது. பார்த்தவர்கள் வண்ணத்தைப் பாராட்டினார்கள், ஆயாவின் முகத்தில் இருந்த களைப்பைப் பாராட்டினார்கள். நல்ல விமர்சனமும் வந்தது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழு நாளில் ஆயா வரவில்லை. காலையில் மீன் எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் விற்க வேண்டும். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு யாரால் வர முடியும்? "என்னை உள்ள வுடுவாங்களா மாஸ்டரே?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான்.

கண்காட்சி முடிந்ததும் மாஸ்டர் படத்தை ஒரு மீன்பாடி வண்டியில் போட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்தார். சாத்தியிருந்த கடை ஷட்டரில் மாட்டினார். எனக்கு அப்போது பதினோரு வயது, கயிறு பிடித்தது நான்தான். ஆயா வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னா மாஸ்டரே, மீனு ஆயறன்னு போட்டுக்கீற, கையில ஒரு செதிலு காணோமே? கை கழுவிக்கினா குந்திக்கிறேன்?"

நடுவர் அவர்களே, மீன் ஆய்கிற கையை நீங்கள் கிட்ட இருந்து பார்த்திருப்பீர்கள். முழங்கை வரைக்கும் செதில் ஒட்டும். காய்ந்த பிறகு வெயில் பட்டால் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கும். கூடத்தில் பார்த்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. வரைந்த மாஸ்டருக்கும் தெரியவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரிந்தது. மாஸ்டர் அன்று ராத்திரியே படத்தை மாடிக்கு ஏற்றினார். வெள்ளையில் துளி நீலம் கலந்து, நைஃப் முனையால் ஒவ்வொரு செதிலாக வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் ஆயா பார்த்துவிட்டு, "ஆங், இப்ப நான்தான்" என்றார். அந்தப் படத்துக்கு அதற்கு மேல் ஒரு விமர்சனம் இருக்கிறதா, அண்ணனே சொல்லட்டும்.

படத்தில் இருக்கிறவருக்குப் படத்தைப் பார்க்கிற உரிமை உண்டு. இதுதான் என் கட்சி. இந்த மேடையில் நான் பேசுகிற எல்லாமே இதற்குள் அடக்கம்.

ஸ்டுடியோ, தனிமை என்றார்கள். மாஸ்டரின் ஸ்டுடியோ எது? மாடியில் ஒரு தகரக் கொட்டகை. டர்பன்டைன் வாசனையும் கீழ்வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனையும் ஒன்றாக வரும். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாலைந்து நாள் ஆகும். அப்போதெல்லாம் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாண்டார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது நின்றது. அதுவரைக்கும் கடல் காற்று அடித்தால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை மொட்டை மாடியெல்லாம் கறுப்பாகத் தூள் படியும். காயவைத்த துணியில் படியும், ஈரக் கேன்வாஸிலும் படியும். மாஸ்டரின் பழைய படங்களை விரலால் தடவிப் பாருங்கள், வண்ணத்துக்குள் நறநறவென்று இருக்கும். அவர் கதவைச் சாத்தினாலும் இந்த ஊர் உள்ளே வந்து கேன்வாஸில் உட்கார்ந்துகொண்டது. எங்கே இருக்கிறது அண்ணன் சொல்கிற தனிமை?

சோழமண்டலத்துக்கு வருகிறேன். அவர்கள் நகரத்தை விட்டுப் போனது உண்மை. ஆனால் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொள்ளவா போனார்கள்? முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து போனார்கள். படம் விற்காத காலத்தில், மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்டினார்கள். அது ஒரு கிராமம், பெயரே 'கலைஞர் கிராமம்'. சேர்ந்து வாழ்ந்தால்தான் கலை பிழைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. என் வேலையை அண்ணனே பாதி முடித்துக் கொடுத்துவிட்டார்.

எழும்பூர் கவின் கலைக் கல்லூரியையும் சொன்னார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் தொடங்கிய பள்ளி. அங்கே படத்தோடு மண்பாண்டமும் மர வேலைப்பாடும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கே ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டார். அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி எத்தனையோ சிலை செய்திருக்கிறார். சென்னைக்காரனை எழுப்பிக் கேட்டால் அவர் செய்த எதைச் சொல்வான்? மெரினாவில் 1959 முதல் நிற்கிற உழைப்பாளர் சிலையை. பாறையை நெம்புகிற நாலு பேர். அதற்கு டிக்கெட் இல்லை, திறக்கிற நேரம், மூடுகிற நேரம் இல்லை. 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரையில், உழைக்கிறவன் வந்து சுண்டல் தின்றுகொண்டே தன்னைப் பார்த்துக்கொள்கிறான்.

இன்னொன்று. வண்ணம் இந்த வட்டாரத்துக்குக் கல்லூரி மூலம் வந்து சேர்ந்ததா? கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரைக்கு வந்ததே துணிக்காக. காலடிப்பேட்டையில் நெசவாளர்களைக் குடிவைத்தார்கள். இந்த வண்ணாரப்பேட்டையில் வெளுத்தார்கள். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய துணி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. எழுதியவன் பெயர் ஒரு கணக்குப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் படம் போட வரும் என்று யாராவது ஆச்சரியப்பட்டால் எனக்கு மனது வலிக்கிறது. இது அவர்கள் பாட்டன் பூட்டன் கைவேலை.

தெருவில் வரைந்தது நிற்காது என்றார் அண்ணன். உண்மைதான். எங்கள் தெருச் சுவரில் இருபது பிள்ளைகள் சேர்ந்து மூன்று வாரம் வரைந்த படகு ஒன்று இருந்தது. ஒரு தேர்தல் நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்து எழுத்து எழுதிவிட்டார்கள். காலையில் பார்த்துவிட்டு நாங்கள் அழுதோம். மாஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "சுவத்துல இருந்தத ஞாபகத்துல இருந்து போடுங்க" என்றார். போட்டோம். இருபது தாளில் இருபது படகு. எனக்கு எதிர்வீட்டுப் பையன் போட்டதில் நங்கூரக் கயிறு முடிச்சு வரைக்கும் இருந்தது. சுவரில் அந்த முடிச்சு கிடையாது, அவன் அப்பாவின் படகில் இருந்தது.

கூடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. கூடத்தில் விற்ற படங்களால்தான் மாஸ்டர் வீட்டில் அடுப்பு எரிந்தது, எங்களுக்குத் தாளும் பெயின்ட்டும் வந்தது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் படங்களுக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பென்சில் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓவியர் ஆகவில்லை. எக்ஸ்ரே டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். மாஸ்டர் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் கரித்துண்டால் பத்துச் சாம்பல் நிறம் போடுவது. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு மாதம் திணறினேன். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. "கண்ணைச் சுருக்கிப் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றைக்கு ஒரு படம் திரையில் வரும்போது, எலும்புக்குப் பக்கத்தில் மெல்லிய ஒரு சாம்பல் கோடு இருந்தால் கண்ணைச் சுருக்குகிறேன். டாக்டரிடம் சொல்கிறேன். மாஸ்டர் போடாமல் விட்ட நூறு படத்தில் எந்தப் படத்துக்காக இந்த இரண்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னால், நான் கணக்குப் பார்க்கத் தயார்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தத் தகரக் கொட்டகை மாடிப்படியில் வந்து நின்று, கழற்றிப் போட்டிருக்கிற செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் தீர்ப்பு இன்றைக்கே வர வேண்டுமே. அதனால் நானே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். போன ஞாயிறு 31 ஜோடி. அதில் வாரறுந்து ஊக்கு குத்திய சின்னச் செருப்பு என் மகளுடையது.

நன்றி, வணக்கம்.