நுண்ணோக்கிப் படங்களில் விஞ்சி நிற்பது கலையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நுண்ணோக்கிப் படங்களில் விஞ்சி நிற்பது அறிவியலா, கலையா என்பது இன்றைய கேள்வி. அறிவியலே என்ற எதிரணித் தலைவர் ஒரு குண்டைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். "நுண்ணோக்கிப் படத்தை எடுப்பது கருவி. மனிதன் பொத்தானை அழுத்துகிறான், அவ்வளவுதான். வண்ணமெல்லாம் கணினியில் பூசிய பொய். இதில் கலை எங்கே வந்தது?" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். என் வாதத்துக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தவரே அவர்தானே!

பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுமா ஐயா? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்றொரு ஊர். விவசாயி வீட்டுப் பையன் வில்சன் பென்ட்லி, பனிப்படிகத்தை நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறான். வரைந்து முடிப்பதற்குள் அது உருகிவிடுகிறது. கேமராவை நுண்ணோக்கியோடு இணைக்கிறான். 1885 ஜனவரி 15 அன்று, 19 வயதில், அவனுக்கு முதல் படம் கிடைக்கிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். உறையும் குளிரில் நின்றுகொண்டு, கறுப்புப் பலகையில் பனியை ஏந்த வேண்டும். மெல்லிய குச்சியால் ஒரே ஒரு படிகத்தைத் தூக்கிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பறவை இறகால் ஒற்ற வேண்டும். மூச்சுக் காற்று பட்டால் போச்சு! அதோடு விட்டாரா? நெகட்டிவை எடுத்து, படிகத்தின் ஓரத்தை ஒட்டிச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டினார். அச்சில் பின்னணி கன்னங்கரேலென்று விழுந்தது. படிகம் எழுந்து நின்றது. இப்படி 5000 படங்களுக்கும் மேல்.

ஜெர்மானிய வானிலை அறிஞர் குஸ்டாவ் ஹெல்மான் சண்டைக்கே வந்தார், ஓரங்களைச் சிதைக்கிறீர்கள் என்று. சரி, அவர் கோபம் அறிவியலின் கோபம். ஆனால் எதிரணியினர் அதை எடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். வானிலிருந்து விழும் பனியில் பெரும்பாலானவை உடைந்தவை, கோணலானவை. பென்ட்லி தேடித் தேடி எடுத்ததோ ஆறு கைகளும் அளந்து வைத்தாற்போல் இருந்தவற்றை. வெறும் பதிவு என்றால் கோணலுக்கல்லவா ஆல்பத்தில் பாதி இடம் போயிருக்க வேண்டும்?

ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கு ஓவியராக ஆசை. மருத்துவரான தந்தை விடவில்லை; மகனும் மருத்துவம் படித்து நரம்பணு ஆய்வாளரானார். (நம்ம ஊர் அப்பாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்!) மூளைத் திசுவில் சில நரம்பணுக்களை மட்டும் கறுப்பாக்கும் வெள்ளிச் சாயமுறையைக் கண்டுபிடித்தவர் இத்தாலிய ஆய்வாளர் கோல்ஜி. அதே முறையில்தான் இருவரும் பார்த்தார்கள். எல்லாம் பின்னிக் கிடக்கும் ஒரே வலை என்றார் கோல்ஜி. நுண்ணோக்கியில் கண்டதைப் பேனாவும் மையும் கொண்டு வரைந்த கஹாலோ தனித்தனி செல்கள் என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். நிலைத்தது கஹாலின் கூற்று. பேனாவும் மையும்தான் பரிசு வாங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. கிளை எங்கே முடிகிறது என்று கோடு கோடாக வரைந்து பழகிய கண் அது, அவ்வளவே. அந்த ஓவியங்கள் பிற்பாடு கலைக்கூடங்களிலும் தொங்கின.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்தப் 'பொய் வண்ணத்துக்கு' வருகிறேன்.

1993. கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகம். டான் ஐக்லர் குழுவினர் செம்புப் பரப்பின்மேல் 48 இரும்பணுக்களை, பரப்பை ஊசியால் வருடிப் பார்க்கும் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி வட்டமாக நிறுத்தினார்கள். குறுக்களவு சுமார் 14 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). உள்ளே சிக்கிய எலக்ட்ரான்கள், குளத்தில் கல் விழுந்தாற்போல் வளைய வளையமாக அலை காட்டின. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. அணுக்களின் அளவுக்கு இறங்கிவிட்டால், நாம் பார்க்கும் நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊசி கொண்டுவந்தது ஏற்ற இறக்க அளவுகளை, வெறும் எண்களை. எந்த நிறம், எந்தப் பக்கத்து வெளிச்சம், எந்தச் சாய்வு என்பதெல்லாம் மனிதர் எடுத்த முடிவு.

இதைப் பொய் என்கிறார் தலைவர். எண்ணை மாற்றினால் பொய். 48ஐ 49 ஆக்கியிருந்தால் இந்த மேசையை விட்டு நானே எதிரணிக்கு வந்துவிடுவேன். எண் அப்படியே இருக்கிறது. அதைக் காணும் விதத்தை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அடுத்துப் பேச வரும் அம்மா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அலை இருக்கிறது என்று காட்டச் சாம்பல் நிறம் ஒன்றே போதுமே. பிறகு எதற்கு நிறம் தேடினார்கள்? வெளிச்சம் விழும் பக்கத்தை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்?

நன்றி, வணக்கம்.