வகுப்பில் வராத நடுக்கம் மைக் முன்னால் வருகிறதே, ஏன்?

வணக்கம். இந்த வாரம் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியை. மாதக் கடைசியில் அவருடைய தலைமையாசிரியைக்குப் பணி நிறைவு விழா. ஆசிரியர்கள் சார்பில் ஐந்து நிமிடம் பேசும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. “வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிறேன், பயமே இல்லை. மைக் முன்னால் நின்றால் மட்டும் கை நடுங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. போன ஆண்டு விழாவில் மனப்பாடம் செய்ததெல்லாம் பாதியில் மறந்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இந்தப் பயம் போக என்ன வழி?” என்கிறார்.

சகோதரி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வகுப்பில் ஏன் பயமில்லை? எதிரே உட்கார்ந்திருப்பது யார், அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது உங்களுக்கு அத்துப்படி. அதோடு, எந்த ஆசிரியரும் பாடத்தைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்துகொண்டு வகுப்புக்குப் போவதில்லை. மேடை என்றதும் இந்த இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுகிறோம்.

வள்ளுவர் இதற்கென்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். 73ஆவது அதிகாரம், அவையஞ்சாமை. அதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய 72ஆவது அதிகாரம் அவையறிதல் என்பதை யாரும் கவனிப்பதில்லை. முதலில் அவையை அறிந்துகொள், அஞ்சாமை அதற்குப் பிறகு. அந்த வரிசையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

காந்தியின் வாழ்க்கையில் இதை அப்படியே பார்க்கலாம். லண்டனில் சட்டம் படித்து முடித்து 1891இல் ஊர் திரும்பும் முன், சைவ உணவுச் சங்க நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். உங்களுடையதைப் போலவே விடைபெறும் நிகழ்ச்சிதான். சில வாக்கியங்களே கொண்ட ஒரு சிறு பேச்சை யோசித்து யோசித்துத் தயார் செய்திருந்தார். எழுந்து நின்றார், முதல் வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. வந்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிறகு பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி வைத்துப் பேசுகிறார். வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றி. தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அதைத்தான் பின்னாளில் அவர் குறிப்பிட்டார். கூச்சம் ஒரே நாளில் ஓடிப்போய்விடவில்லை. ஆனால் இந்த முறை பொருள் கையில் இருந்தது, யாரிடம் பேசுகிறோம், அவர்களிடம் எது போய்ச் சேர வேண்டும் என்பது தெரிந்திருந்தது. லண்டன் விருந்தில் வாக்கியங்கள் மட்டும்தான் இருந்தன.

மனப்பாடத்தில் உள்ள ஆபத்து இதுதான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் நமக்குப் பழக்கிவிட்ட முறை அது. யாரோ எழுதித் தருவார்கள், குழந்தை ஒப்பிக்கும். நடுவில் ஒரு சொல் நழுவினால் மறுபடி “நடுவர் அவர்களே” என்று முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும். நாற்பது வயதிலும் அதையே செய்துகொண்டிருக்கிறோம். ஆசிரியர்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அதனால், தலைமையாசிரியையைப் பற்றி உங்கள் கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். “ஓயாத உழைப்பாளி, அன்பின் உருவம்” எல்லாம் வேண்டாம், அதை மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர் மழை நாளில் என்ன செய்தார், ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றபோது யார் வீட்டுக்குப் போனார், இந்த மாதிரி. நடந்ததைச் சொல்வதற்கு மனப்பாடம் தேவையில்லை. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் வாயில் நிற்கட்டும்.

நம் மேடைகளில் பலர் தடுக்கி விழுகிற இடம் பேச்சே இல்லை, விளிப்புதான். தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர், சிறப்பு விருந்தினர் என்று பட்டியல் நீளும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பதற்றத்தில் மீதியும் போய்விடும். அந்தப் பெயர்களை அழைப்பிதழைப் பார்த்து ஒரு சிறிய கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முழுத் தாள் வேண்டாம். கை இலேசாக நடுங்கினாலும் தாள் படபடக்கும், அதைப் பார்த்தே பயம் இரட்டிப்பாகும். அட்டை ஆடாது.

நடுக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் வற்றுகிறது, கை நடுங்குகிறது. பழுத்த பேச்சாளர்களிலும் பலருக்கு இது உண்டு, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில் பெரும்பாலும் தணியும். அதுவரை தாக்குப்பிடிக்க, பெயர் அழைப்பதற்கு முன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அன்று இரண்டாவது காபி வேண்டாம், அதுவும் படபடப்பைக் கூட்டும்.

பயிற்சியை நின்றுகொண்டு, வாய்விட்டுச் செய்யுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. கைபேசியில் பதிவு செய்து நேரம் பாருங்கள். விழா தொடங்கும் முன்பே போய், ஆள் இல்லாத மேடையில் ஏறி மைக்கில் ஒரு வரி பேசிவிடுங்கள். உங்கள் குரல் ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கும் என்று முதல் முறையாக எல்லோர் முன்னாலும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பேச்சை இரண்டு நிமிட அளவிலும் ஒன்று தயார் செய்யுங்கள். பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் நேரம் ஓடிவிடும், “சுருக்கமாகப் பேசுங்கள்” என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். இரண்டு சம்பவம் எடுக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது: உங்களுக்கு முன்னால் பேசுகிறவர் அதில் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுவார்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.